குடியிருந்த பிணம்!

"ஐயோ...!"

அலறல் இரண்டாவது மாடியில் கிளம்பி, படிக்கட்டு வழியாக இறங்கி, கீழே வண்டிகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்த பூனையை எழுப்பியது.

அலறியது பெண் இல்லை.

ஓர் ஆண். சொந்தமாக மருந்துக்கடை நடத்துகிறவன். 'ரத்தமெல்லாம் நமக்கு சர்வ சாதாரணம்' என்று கடைக்கு வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்கிறவன்.

இப்போது அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஹாலில், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் வாடகைக்காரன். தலை மார்பின் மேல் தொங்கியது. சட்டை முழுக்கச் சிவப்பு. மடியில் சிவப்பு. தரையில் சிவப்பு. பக்கத்தில் ஒரு கத்தி!

"சா... சார்... இவன்..."

"கிட்ட போகாதீங்க!" பின்னாலிருந்து புரோக்கர் அவன் காலரைப் பிடித்து இழுத்தான்.

"நாடி பார்க்கிறேன் சார். உயிர் இருந்தா காப்பாத்தலாம்..."

"அவன் உயிர் போய் ரொம்ப நேரமாச்சு. நீங்க தொட்டு வச்சா, உங்க கைரேகை பதிஞ்சு உங்க உயிரும் போயிடும். வெளிய வாங்க!"

"போலீசுக்கு..."

"எதுக்கு? நீங்களே போய் விலங்கை மாட்டிக்கவா?"

"நானா? நான் என்ன சார் பண்ணினேன்?"

புரோக்கர் பரிதாபமாகப் பார்த்தான்.

"நேத்து சாயங்காலம் இதே வாசல்ல நின்னு என்ன சொல்லிக் கத்தினீங்க?"

மருந்துக்கடைக்காரனுக்கு ஞாபகம் வந்தது.

'வாடகையை வைக்கலைன்னா உன்னை உருத்தெரியாம ஆக்கிடுவேன்டா!'

சொன்னான். கட்டிடமே கேட்கும்படி சொன்னான். கீழ்வீட்டு அம்மா எட்டிக்கூடப் பார்த்தாள்.

"சும்மா கோபத்துல சார்..."

"அதைத்தான் எல்லாக் கொலைகாரனும் சொல்றான்."

புரோக்கர் கதவை இழுத்துச் சாத்தினான். சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

உள்ளே பிணம் தனியாக இருந்தது.

...

வீடு வாங்கி வாடகைக்கு விடுவது என்றால் என்ன நினைத்தீர்கள்? மாதம் பிறந்தால் பணம் தானாக வந்து பாக்கெட்டில் விழும் என்றா?

இவனும் அப்படித்தான் நினைத்தான். பாவி!

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வகுப்பு நடக்கும். 'முதல் வீடு முதல் வெற்றி' என்று வாசலில் பேனர். நடத்துகிறவன் இதே புரோக்கர்தான். கையில் மைக், கழுத்தில் டை, வாயில் தேன். வீடு வாங்கத் துடிக்கிற கத்துக்குட்டிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள்.

"முதல் பாடம்! யார்கிட்ட வீடு வாங்கணும்?"

"அவசரத்துல விக்கிறவன்கிட்ட!" என்று மொத்தக் கூட்டமும் கத்தும்.

"ஏன் அவசரம்னு கேட்கலாமா?"

"கூடாது!"

மருந்துக்கடைக்காரன் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கக் கத்தினான்.

அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். மாமனார், "பேசாம பேங்குல போடுங்க மாப்பிள்ளை" என்றார். இவன் சிரித்தான். டீச்சரின் வளையல்கள் போயின. சங்கிலி போனது. கடையை விஸ்தரிக்க வைத்திருந்த பணம் போனது. இரண்டு பேர் பெயரிலும் இந்த ஃப்ளாட் வந்தது.

விற்றவர் ஒரு பெரியவர். பென்ஷன்காரர். கையெழுத்துப் போடும்போது அவர் விரல்கள் நடுங்கின. 'ஆஹா, அவசரம்!' என்று மருந்துக்கடைக்காரனுக்கு உள்ளுக்குள் குஷி. பேசி முடித்த விலையிலிருந்து அந்த இடத்திலேயே இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்டான். பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"தம்பி... அந்த ஹால்ல தனியா மட்டும் உட்காராதீங்க."

"ஏன் சார்? கொசுவா?" என்று சிரித்தான் இவன்.

சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

வாங்கிய மறுவாரமே லிஃப்ட் நின்றது. அதற்கு வசூல். மோட்டார் எரிந்தது. அதற்கு வசூல். புரோக்கர் கொண்டுவந்து விட்ட வாடகைக்காரன், சாமானை இறக்கிய நிமிஷமே பாத்ரூமை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், இன்னும் இந்தப் பைப்பை மாத்தலையா?" என்றான்.

இன்னும்!

அந்த வார்த்தை மருந்துக்கடைக்காரன் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் அந்தச் சுவர்... அதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக வருகிறது!

ஹாலுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வைத்தால் காசு. அதனால் ஐயா தானே களத்தில் இறங்கினார். யார் யார் வீட்டிலோ மிச்சமாகிக் கிடந்த டப்பாக்களைக் கேட்டு வாங்கினார். பச்சை, ரோஸ், காவி, கொஞ்சம் மஞ்சள். எண்ணெய்ப் பெயின்டும் தண்ணீர்ப் பெயின்டும் ஒன்றாக ஒரே வாளியில்! ஒரு குச்சியை விட்டுக் கலக்கு கலக்கென்று கலக்கி அடித்தார்.

வந்த நிறத்துக்கு உலகத்தில் பெயர் கிடையாது.

"காமாலை வந்த தவளை மாதிரி இருக்குங்க" என்றாள் டீச்சர்.

அது காயவும் இல்லை. வெயில் அடித்தும் காயவில்லை, ஃபேன் போட்டும் காயவில்லை. சாய்ந்தவன் முதுகில் எல்லாம் ஒட்டியது. மருந்துக்கடைக்காரனின் நல்ல சட்டைகள் ஒவ்வொன்றாகக் கரித்துணி ஆயின. டீச்சர் சோப்பில் ஊறவைத்தாள், பெட்ரோல் போட்டுத் தேய்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு பிரஷ்ஷால் அடித்தாள். போகவில்லை. அந்த நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கூடச் சொல்வாள். அவ்வளவு வெறுத்திருந்தாள்!

வாடகை அக்ரிமென்ட் போட்டபோது மட்டும் அவள் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள்.

"காலி பண்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லணும். சொல்லாம கொள்ளாம போனா அட்வான்ஸ் கிடையாது. எழுதுங்க!"

எழுதினார்கள். வாடகைக்காரன் கையெழுத்தும் போட்டான்.

இப்போது சொல்லாமல் கொள்ளாமல் ஒரேயடியாகப் போய்விட்டான்.

...

புரோக்கரின் காரில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரன் சீட் பெல்ட்டை எதற்கென்று தெரியாமல் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"எனக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருக்கார்" என்றான் புரோக்கர். "பேசிப் பார்க்கிறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், வணக்கம். நம்ம பையன் ஒருத்தர் வீட்டுல ஒரு சாவு..."

"ஹ்ஹ்ம்... யார் வீடு?" கரகரத்த குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு கனைப்பு.

புரோக்கர் விவரம் சொன்னான்.

"ஹ்ஹ்ம்... ஓனர்தானா நேத்து சண்டை போட்டது? அப்ப அவன்தான் முதல் குற்றவாளி. வேற யாரு?"

மருந்துக்கடைக்காரன் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"சார், நல்ல பையன் சார். நான் பொறுப்பு."

"ஹ்ஹ்ம்... உனக்காகச் சாயங்காலம் வரைக்கும் வரலை. அதுக்கப்புறம் வருவேன். பேப்பர்காரனும் வருவான். ஃபோட்டோ பிடிப்பான்."

லைன் அறுந்தது.

"கேட்டீங்களா?" என்றான் புரோக்கர். "கொலையை நான் பேசித் தீர்த்துடறேன். எவனோ திருடன் பண்ணினதுன்னு முடிச்சுடலாம். ஆனா வீடு? நாளைக்குக் காலையில பேப்பர்ல வந்தா அது கொலை வீடு. ஒருத்தன் வாங்க மாட்டான். ஒருத்தன் வாடகைக்குக்கூட வர மாட்டான்."

"என் பொண்டாட்டி வளையல் சார் அது..."

"அதனாலதான் சொல்றேன். இன்னைக்கே வித்துடுங்க."

"இன்னைக்கேவா? யார் சார் வாங்குவா?"

"ஒரு பார்ட்டி ஊருக்கு வந்திருக்கார். வெளியூர்க்காரர். வேற ஃப்ளாட்டுக்காக வந்தார், அது அமையலை. கையில பணத்தோட இருக்கார். பாதி விலைக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துப்பார்."

"பாதியா!"

"நாளைக்குக் கால்வாசிகூடக் கிடைக்காது."

மருந்துக்கடைக்காரன் ஜன்னல் பக்கம் திரும்பினான். சாலையில் சனங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் வீட்டிலும் பிணம் இல்லை. அவனுக்கு எல்லோர் மேலும் கோபம் கோபமாக வந்தது.

"அந்தப் பார்ட்டிக்கு விஷயம் தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்?"

"பாவம் இல்லையா சார்... மறைச்சு வித்தா..."

புரோக்கர் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"உங்களுக்கு வித்தவர் எல்லாத்தையும் சொல்லிட்டா வித்தார்?"

அந்தக் கேள்வியை மருந்துக்கடைக்காரன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மனைவிக்குப் போன் அடித்தான்.

"கொஞ்சம் பதிவு ஆபீசுக்கு வா. உன் கையெழுத்து வேணும்."

"எதுக்குங்க? நான் கிரவுண்டுல இருக்கேன். பிள்ளைங்க ஓடிட்டிருக்கு."

"வீட்டை விக்கிறோம். நல்ல... நல்ல விலை."

மறுமுனையில் பிள்ளைகளின் கூச்சல் விலகியது.

"உங்க குரல் ஏன் இப்படி நடுங்குது?"

"சந்தோஷம்மா..."

...

பதிவு அலுவலகத்தில் பசை வாசனையும் வியர்வை வாசனையும் போட்டி போட்டன. பெஞ்ச் முழுக்க ஆட்கள். சீல் குத்துகிற சத்தம் 'டொக் டொக்' என்று மண்டைக்குள் இறங்கியது.

வெளியூர்ப் பார்ட்டி வந்தான். தங்க பிரேம் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, பெரிய மனுஷத் தொப்பை. ஒரு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஹ்ஹ்ம்... பேப்பரெல்லாம் ரெடியா?"

"ரெடி சார்" என்றான் புரோக்கர். ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த பத்திரத்தைப் பையிலிருந்து உருவினான். நடுங்கிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரனின் கையைப் பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டினான்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி டைப் ஆனது? அதையும் மருந்துக்கடைக்காரன் கேட்கவில்லை. எனக்கு இந்த ஆளைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கத் தோன்றுகிறது!

டீச்சர் வந்தாள். விளையாட்டு உடை, கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். நெற்றியில் வியர்வை. வந்த வேகத்தில் பத்திரத்தை வாங்கிப் படித்தாள்.

படித்தாள்.

மறுபடியும் படித்தாள்.

"என்னங்க இது? நாம கொடுத்ததுல பாதி போட்டிருக்கு!"

"மெதுவாப் பேசு..."

"எதுக்கு மெதுவா? என் வளையலை அடகு வைக்கும்போது மெதுவாவா சொன்னீங்க? மண்டபத்து மைக்குல பேசற மாதிரி பேசினீங்க! மாமியார் வீட்டுக்கு மொட்டைக் கையோட போறேங்க நான்!"

அவன் அவளை ஓரமாகத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனான். குசுகுசுவென்று சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே அழுதான்.

டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"செத்தே போயிட்டானா?"

"ம்."

"நேத்து பைப்பு சொட்டுதுன்னு எனக்குப் போன் பண்ணினானேங்க... எரிஞ்சு விழுந்தேன் அவன்கிட்ட..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே நிமிர்ந்தாள். "இதெல்லாம் அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"எந்த ஆளு?"

"வாங்கறாரே, அவருக்கு."

"தெரியாது. தெரிஞ்சா வாங்க மாட்டார்."

"அப்ப ஒரு அப்பாவி தலையில கட்டப் பார்க்கறீங்க!"

"வேற வழி இல்லம்மா. உள்ள போகப் போறது நான்!"

"போனா வந்து பார்த்துக்கறேன். மோசம் பண்ணிச் சம்பாதிச்ச காசுல எனக்கு வளையல் வேண்டாம். நான் அவர்கிட்ட உண்மையைச் சொல்லப் போறேன்."

"அடியே... வேண்டாம்... சொன்னாக் கேளு..."

அவள் கேட்கவில்லை. விடுவிடுவென்று நடந்தாள்.

வெளியூர்ப் பார்ட்டி நாற்காலியிலிருந்து எழுந்து, மேஜை மேல் குனிந்து, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான். டீச்சர் பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினாள்.

"சார், ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒரு விஷயம்..."

நிறுத்தினாள்.

விரலில் ஏதோ பிசுபிசுத்தது.

விரலைப் பார்த்தாள்.

பச்சையும் இல்லை. மஞ்சளும் இல்லை. காவியும் இல்லை!

அவன் முதுகைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையின் பின்பக்கம், ஒரு தோளிலிருந்து மறு தோள் வரைக்கும்... காமாலை வந்த தவளை!

"என்னம்மா?" அவன் திரும்பினான்.

டீச்சர் விரலை மெல்ல உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லை சார். வீட்டைப் பார்த்துட்டீங்களான்னு கேட்க வந்தேன்."

"ஹ்ஹ்ம்... அதெல்லாம் தேவையில்லைம்மா. புரோக்கர் மேல நம்பிக்கை இருக்கு."

"ஒரு தடவைகூட உள்ள போகலை?"

"அந்தத் தெருப் பக்கமே போனதில்லை. ஹோட்டல்லேர்ந்து நேரா இங்கதான் வர்றேன்."

"சுவருக்கு என்ன கலர் அடிச்சிருக்கோம்னு தெரியுமா?"

"எந்தக் கலரா இருந்தா என்ன?"

"அதானே" என்றாள் டீச்சர். "அதை எடுத்து முதுகுல போட்டுக்கிட்டு வந்திருக்கீங்களே, பிடிச்சிருக்கான்னு கேட்டேன்!"

புரோக்கரின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"மேடம், ஏதோ டாக்சி சீட்டுல பட்டிருக்கும்..."

"டாக்சிக்காரனும் என் வீட்டுக்காரர் மாதிரி வாளியில கலக்கியா அடிச்சான்? ஏங்க! இங்க வாங்க! அந்தக் கையை நீட்டுங்க!"

மருந்துக்கடைக்காரன் ஓடி வந்து கையை நீட்டினான். சட்டைக் கையின் மடிப்பில், எத்தனை துவைத்தும் போகாமல் ஒரு கறை. அவள் அதை வெளியூர்ப் பார்ட்டியின் முதுகோடு ஒட்டிப் பிடித்தாள்.

ஒரே நிறம்!

பெஞ்சிலிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். சீல் குத்துகிற சத்தம் நின்றது.

வெளியூர்ப் பார்ட்டி பத்திரத்தைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடினான். புரோக்கர் ஜன்னலைப் பார்த்து ஓடினான்.

"பீ...ஈ...ஈ...ப்!"

டீச்சரின் விசில்!

பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் ரத்தத்தில் ஊறியிருக்கும் போல. ஆபீஸ் மொத்தமும் அப்படியே உறைந்து நின்றது. வெளியூர்ப் பார்ட்டியும்கூட ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டான். 'எதற்கு நின்றோம்' என்று அவன் யோசிப்பதற்குள், வாசலில் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

பிடித்த கையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, ஒட்டுது?"

புரோக்கரின் தொப்பை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது.

...

உண்மையான இன்ஸ்பெக்டர் ஓர் அம்மா. பல்வலியோடு இருந்தார். ஜீப்பில் வரும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"பிணத்தைப் பார்த்தீங்க. போலீசைக் கூப்பிடலை. வீட்டை விக்கப் போயிட்டீங்க. அப்படித்தானே?"

"புரோக்கர் சொன்னார் மேடம்..."

"புரோக்கர் கிணத்துல குதிக்கச் சொன்னா?"

"இவர் புத்திசாலித்தனத்துக்கு அதையும் செஞ்சிருப்பார் மேடம்" என்றாள் டீச்சர். "கிணறு சல்லிசா வருதுன்னு சொல்லியிருந்தா போதும்."

வீட்டைத் திறந்தார்கள்.

ஹால் காலி!

தரையில் சிவப்பு இருந்தது. கத்தி இருந்தது. சுவரில் முதுகு பதிந்த இடங்கள் தெரிந்தன. ஒன்று இல்லை, இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்த தடம்.

பாத்ரூமில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

இன்ஸ்பெக்டர் அம்மா கதவைத் தட்டினார்.

"மச்சான், வந்துட்டீங்களா?" உள்ளிருந்து குரல். "கையெழுத்து ஆச்சா? இந்தச் சிவப்பு சாயம் போகவே மாட்டேங்குது. இந்தப் பாழாப்போன பைப்பு வேற நூலாட்டம் வருது!"

மருந்துக்கடைக்காரன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

இன்னொரு சட்டையும் போனது.

...

காவல் நிலையம். பெஞ்சில் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புரோக்கர். அவன் மச்சான், அதாவது பிணம். அவன் சகலை, அதாவது வெளியூர்ப் பார்ட்டி, அதாவது போனில் கனைத்த இன்ஸ்பெக்டர். குடும்பத்தோடு தொழில்!

பிணம் ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தது.

"இவருக்கு வேஷம் போட்டுவிட்டது யாரு?"

"ஹ்ஹ்ம்... நான்தான் மேடம்" என்றான் சகலை. "போட்டு முடிச்சுட்டுச் சும்மா கொஞ்ச நேரம் சாஞ்சு உட்கார்ந்தேன். சுவர் காயாம இருக்கும்னு யார் கண்டா?"

"நான் அப்பவே சொன்னேன் சாயாதீங்கன்னு" என்றது பிணம். "சாஞ்சா ஒட்டும்னு குடியிருக்கிறவனுக்குத்தானே தெரியும்? போன தடவை செத்தப்போ இந்தச் சுவர்ல பிரச்சினையே இல்லை."



புரோக்கர் மச்சானை முழங்கையால் இடித்தான். இடித்துப் பயன் இல்லை.

"போன தடவையா?" இன்ஸ்பெக்டர் அம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "எங்க செத்தே?"

"அதே... அதே ஹால்லதான் மேடம்."

"ஒரே வீட்டுல ரெண்டு தடவையா?"

"பழகின வீடு மேடம்" என்றான் புரோக்கர் பலவீனமாக. "புதுசா ஆரம்பிக்கிறவங்க தெரிஞ்ச இடத்துலதான் ஆரம்பிக்கணும்னு வகுப்புல நானே சொல்லுவேன்... அப்ப எங்ககிட்ட வாங்கறதுக்குப் பணம் இல்லை. அதனால இவரைக் கூட்டிட்டு வந்து கமிஷனோட முடிச்சுக்கிட்டோம். இந்தத் தடவைதான் நாங்களே வாங்கலாம்னு... இதுதான் மேடம் எங்க முதல் வீடு!"

முகத்தில் உண்மையிலேயே ஏமாற்றம் தெரிந்தது.

மருந்துக்கடைக்காரனுக்குப் பெரியவரின் நடுங்கிய விரல்கள் ஞாபகம் வந்தன. 'ஹால்ல தனியா மட்டும் உட்காராதீங்க' ஞாபகம் வந்தது.

பெரியவரை அழைத்து வந்தார்கள்.

பாதி உடம்பாகிப் போயிருந்தார். உள்ளே நுழைந்தவர் பெஞ்சில் இருந்த ஈரத் தலையைப் பார்த்தார். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நீ... நீ செத்துட்டியேப்பா!"

"இல்லைங்க" என்றது பிணம், குற்ற உணர்ச்சியோடு.

"உன்னைக் காப்பாத்தாம ஓடி வந்துட்டேன்னு நான் ராத்திரியெல்லாம் தூங்கலைப்பா. பொண்ணுகிட்டகூடச் சொல்லாம எனக்குள்ளயே வச்சுப் புழுங்கினேன்..." அவர் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரன் பக்கம் திரும்பினார். "அப்ப என் வீடு?"

"சார், நானும் ஏமாந்தவன்தான் சார்!"

"ஆமாம் தம்பி. ஏமாந்தீங்க. ஆனா அன்னைக்கு என் கை நடுங்கினதைப் பார்த்தீங்களே. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? இன்னும் கொஞ்சம் குறைச்சுத்தானே கேட்டீங்க?"

இன்று மதியம் அந்தப் பதிவு ஆபீசில் இதே மாதிரி நடுங்கியது மருந்துக்கடைக்காரனின் கை. அதைப் பார்த்து ஒருத்தன் பேனாவை நீட்டினான். அப்போது எவ்வளவு வலித்தது என்பது அவனுக்குத் தெரியும். அவமானத்தில் காது மடல் வரைக்கும் சுட்டது.

"மிரட்டி வாங்கின கையெழுத்து. கோர்ட்டுக்குப் போனா வருஷக் கணக்கா இழுக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. "அதுவரைக்கும் வீட்டுக்குச் சீல்தான். யாரும் குடியிருக்க முடியாது. நீங்களா பேசி முடிச்சுக்கிட்டா நல்லது."

"அவர் கொடுத்த பணம் அப்படியே இருக்கும்மா" என்றார் பெரியவர். "ஒருத்தன் உயிர் போன காசுன்னு தொடவே இல்லை."

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். முதல் வீடு. முதல் வெற்றி. லிஃப்டுக்கு வசூல், மோட்டாருக்கு வசூல், கமிஷன், பதிவுச் செலவு, வாளிப் பெயின்ட்... எல்லாம் கோவிந்தா! நெஞ்சு பற்றி எரிந்தது. ஆனாலும் தலை தானாக ஆடியது.

"வீட்டைத் திருப்பிக் கொடுத்துடறேன் சார்" என்றான். "சுவரை மட்டும்... சுரண்டித்தான் எடுக்கணும்."

டீச்சர் அவன் தோளில் கை வைத்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் கோபம் இல்லை.

கிளம்பினார்கள். வாசல் வரை போயிருப்பார்கள். பின்னாலிருந்து ஒரு தயக்கமான குரல்.

"சார்..."

திரும்பினார்கள். பிணம் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து நின்றது.

"என்னடா?"

"வீடு கை மாறுதுங்கறீங்க. என் அட்வான்ஸ் உங்ககிட்ட இருக்கே. அதைக் கொடுத்துட்டீங்கன்னா... வக்கீலுக்கு ஆகும்."

மருந்துக்கடைக்காரன் மனைவியைப் பார்த்தான்.

டீச்சர் கழுத்திலிருந்த விசிலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"அக்ரிமென்ட்டைப் படிச்சுத்தானே கையெழுத்துப் போட்டே? முன்கூட்டியே சொல்லாம செத்தா அட்வான்ஸ் கிடையாது!"